ஏன் என்று கேட்டால் கதை சொல்லும் ஊர்: கிராக்கோவ்

போலந்தின் தெற்கில், விஸ்துலா ஆற்றங்கரையில் இருக்கிறது கிராக்கோவ். உள்ளூர்க்காரர்கள் 'க்ராகுஃப்' என்பார்கள். பல நூற்றாண்டுகள் போலந்து அரசர்களின் தலைநகராக இருந்த ஊர். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசவை வார்சாவுக்கு இடம் மாறத் தொடங்கியது. அதற்குப் பிறகும் அரசர்கள் முடிசூட்டிக்கொள்ளவும் இறந்தபின் அடக்கம் செய்யப்படவும் பெரும்பாலும் கிராக்கோவுக்கே வந்தார்கள்.

ஊரின் நடுவில் பக்கத்துக்குச் சுமார் 200 மீட்டர் நீளமுள்ள பெரிய சந்தைச் சதுக்கம் இருக்கிறது. 1257ல் நகரத்துக்குப் புதிய சாசனம் கிடைத்தபோது அளந்து போட்டது. அதன் ஓரத்தில் புனித மரியாள் தேவாலயம். அதற்கு இரண்டு கோபுரங்கள், ஒன்று நெடியது, மற்றது குட்டை. நெடிய கோபுரத்தின் உச்சியில் மணிக்கு ஒருமுறை ஒரு ஜன்னல் திறக்கும். நகரத் தீயணைப்புத் துறை வீரர் ஒருவர் எக்காளத்தை வெளியே நீட்டி ஊதுவார். முதலில் அரண்மனை இருக்கும் தெற்குத் திசைக்கு, அப்புறம் நகரமன்றம், பழைய கோட்டைவாசல், சின்னச் சந்தை என்று நான்கு ஜன்னல்களிலும் நான்கு முறை. பகல், இரவு, மழை, பனி எதுவானாலும் இது நிற்பதில்லை. இந்த எக்காள ஓசைக்கு 'ஹெய்னாவ்' என்று பெயர்.

நான்கு முறையும் பாட்டு முடிவதில்லை. மெல்ல ஏறிவந்து, இன்னும் இரண்டு சுரம் இருக்கிறது என்று காது எதிர்பார்க்கும் இடத்தில் சட்டென்று அறுந்துவிடும். ஜன்னலும் மூடிவிடும்.

ஏன் பாதியில் நிறுத்துகிறார்? ஊரில் யாரைக் கேட்டாலும் பதில் வரும். 1241ல் தாத்தார் படை, அதாவது மங்கோலியப் படை, கிராக்கோவைத் தாக்க வந்தது. கோபுரத்தில் காவல் இருந்தவன் அதைப் பார்த்துவிட்டு எக்காளம் ஊதினான். ஊர் விழித்துக்கொண்டது, கோட்டைக் கதவுகள் மூடின. அதற்குள் எதிரி எய்த அம்பு ஒன்று அவன் தொண்டையில் பாய்ந்தது. அந்தக் கணத்தில் எந்தச் சுரத்தில் பாட்டு நின்றதோ, இன்றும் அதே சுரத்தில் நிறுத்துகிறார்கள்.

கேட்கும்போது மனம் கனக்கிறது. இப்போது வரலாற்றைப் பார்ப்போம். 1241ல் தாத்தார் படையெடுப்பு நடந்ததும் கிராக்கோவ் எரிந்ததும் உண்மை. ஆனால் இன்று நிற்கும் அந்தக் கோபுரம் அன்று இல்லவே இல்லை. இந்தத் தேவாலயத்தின் பெரும்பகுதி 14ஆம் நூற்றாண்டில் எழுந்தது. கோபுரத்தில் எக்காளம் ஊதுபவரைப் பற்றிய முதல் எழுத்துச் சான்று 1392ஆம் ஆண்டுக்குரியது. அம்பு பட்ட காவலனின் கதையோ, 1928ல் எரிக் கெல்லி என்ற அமெரிக்கர் சிறுவர்களுக்காக எழுதிய ஒரு நாவல் வழியாகத்தான் உலகம் முழுக்கப் போனது. அதற்கு முந்தைய பழைய நூல்களில் இந்தக் கதை கிடைப்பதில்லை. 'ஹெய்னாவ்' என்ற சொல்லும் விடியலைக் குறிக்கும் ஹங்கேரியச் சொல்லிலிருந்து வந்தது. விடிந்ததும் கோட்டைக் கதவைத் திறக்கவும், இருட்டினால் மூடவும், தீப்பிடித்தால் எச்சரிக்கவும் ஊதிய எக்காளம் அது.

அப்படியானால் கதை பொய்யா? அந்தக் கேள்வியை இங்கே கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

காரணக் கதை என்றால் என்ன?

இலக்கண வகுப்பில் காரணப்பெயர் படித்திருப்போம். ஒரு பொருளுக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால், அந்தப் பெயரே காரணம் சொல்லும். அதேபோலக் காரணக் கதை என்றும் ஒன்று உண்டு. கண்ணெதிரே ஒரு விநோதம் நிற்கிறது: பாதியில் அறும் பாட்டு, உயரம் ஒத்துப்போகாத இரட்டைக் கோபுரம், யார் கட்டினார்கள் என்று தெரியாத மண்மேடு. பார்க்கிறவர்கள் ஏன் என்று கேட்கிறார்கள். அதற்குப் பதிலாக ஒரு கதை முளைக்கிறது. நம் கோயில்களின் தலபுராணங்களில் பாதிக்கு மேல் இப்படி முளைத்தவைதான்.

ஆக, விநோதம் முதலில், கதை பிறகு. இந்த வரிசையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் கிராக்கோவின் கதைகள் எல்லாமே புரியத் தொடங்கிவிடும்.

இதோடு இன்னொன்றும் சேர வேண்டும். வாயில் மட்டும் இருக்கும் கதை இரண்டு மூன்று தலைமுறையில் தேய்ந்துபோகும். அதற்கென்று ஒரு நாள் குறித்து, அந்த நாளில் ஊரே தெருவுக்கு வந்து எதையாவது செய்தால் அது தேயாது. ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய் ஒரு கதைக்கு, ஜூன் மாதத்தின் ஒரு வியாழன் இன்னொரு கதைக்கு, டிசம்பரின் முதல் வியாழன் எல்லாக் கதைகளுக்கும் என்று கிராக்கோவ் தன் கதைகளைக் காலண்டரில் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. ஹெய்னாவ் கதையாவது மணிக்கொரு தரம் புதுப்பிக்கப்படுகிறது. 1927லிருந்து நண்பகல் 12 மணி ஹெய்னாவைப் போலந்து வானொலி நாடு முழுவதும் ஒலிபரப்புகிறது. இரண்டாம் உலகப்போரில் 1944 மே 18 அன்று இத்தாலியின் மொண்டே காசினோ மலையைப் போலந்துப் படை கைப்பற்றியபோது, எமில் செக் என்ற போர்வீரர் அங்கிருந்த மடத்தின் இடிபாடுகள் மேல் ஏறி நின்று ஊதியது இதே பாட்டைத்தான். கதைக்கு வயது குறைவாக இருக்கலாம். அன்று அதைக் கேட்டவர்களுக்கு அது சொந்த ஊரின் குரல்.

குகையும் எலும்புகளும்

ஆற்றை ஒட்டி வாவெல் என்ற சுண்ணாம்புக்கல் குன்று இருக்கிறது. மேலே அரண்மனையும் பேராலயமும். குன்றின் வயிற்றில் ஒரு குகை. பேராலய வாசலில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்ட ராட்சத எலும்புகள். இப்படி ஒரு குகையும் இப்படி எலும்புகளும் ஒரே இடத்தில் இருந்தால் கதை எழாமல் இருக்குமா?

கிராக் என்ற அரசன் இந்த ஊரைக் கட்டினான். குகையில் ஒரு டிராகன் வந்து குடியேறி ஆடுமாடுகளைத் தின்றது, பிறகு மனிதர்களையும் விட்டுவைக்கவில்லை. வீரர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் செத்தார்கள். கடைசியில் ஸ்குபா என்ற ஏழைச் செருப்புத் தைப்பவன் ஒரு யோசனை சொன்னான். ஆட்டுத் தோலுக்குள் கந்தகத்தைத் திணித்துத் தைத்துக் குகை வாசலில் வைத்தான். டிராகன் அதை ஆடு என்று நினைத்து விழுங்கியது. வயிறு எரிந்தது. ஓடிப்போய் விஸ்துலாவைக் குடிக்கத் தொடங்கியது. குடித்துக் குடித்து வயிறு வெடித்துச் செத்தது.

போலந்துக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இந்தக் கதை தெரியும். ஆனால் இதன் முதல் வடிவத்தில் ஸ்குபா கிடையாது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வின்சென்டி காத்வூபெக் என்ற ஆயர் லத்தீனில் எழுதிய வரலாற்று நூலில்தான் டிராகன் முதன்முதலாக வருகிறது. அங்கே அதைக் கொல்பவர்கள் அரசனின் இரண்டு மகன்கள். மாட்டுத் தோலில் கந்தகம் வைத்து அதைக் கொன்றபின், ஆட்சியாசை பிடித்த இளையவன் அண்ணனைக் கொன்றுவிட்டு, டிராகன் கொன்றதாகப் பொய் சொல்கிறான். இருண்ட, கசப்பான அரச குடும்பக் கதை அது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சான நூல்களில்தான் செருப்புத் தைப்பவன் வந்து சேர்கிறான். ஊரைக் காப்பாற்றிய பெருமை இளவரசர்களின் கையிலிருந்து ஒரு கைத்தொழிலாளியின் கைக்குப் போனது. கைவினைஞர் சங்கங்கள் வலுவாக இருந்த வணிக நகரத்தில் இந்த மாற்றம் நடந்ததில் எனக்கு வியப்பில்லை. எனக்கு மிகவும் பிடித்த மாற்றமும் இதுதான்.

அந்த எலும்புகள்? பனியுக காலத்து மாம்மத், ரோமம் அடர்ந்த காண்டாமிருகம், திமிங்கிலம் ஆகியவற்றின் எலும்புகள் என்று அறிவியல் சொல்கிறது. பழங்காலத்தில் இப்படி எலும்பு கிடைத்தால் தேவாலயத்தில் தொங்கவிடுவது ஐரோப்பாவில் பல இடங்களில் வழக்கம். சங்கிலி அறுந்து அவை விழும் நாளில் உலகம் அழியும் என்று உள்ளூரில் ஒரு நம்பிக்கை உண்டு.

குகைக்கு 'டிராகன் குகை' என்றே பெயர். வெப்பமான மாதங்களில் மட்டும் திறந்திருக்கும். சுழல்படியில் இறங்கிப் போனால் ஆற்றங்கரையில் வெளியே வரலாம். வாசலில் ப்ரோனிஸ்வாவ் க்ரோமி வடித்த டிராகன் சிலை 1972லிருந்து நிற்கிறது. உள்ளே எரிவாயுக் குழாய் வைத்திருப்பதால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிஜமாகவே தீ கக்கும். கோடைத் தொடக்கத்தில் க்ரோதெஸ்கா என்ற பொம்மை நாடகக் குழு நடத்தும் டிராகன் ஊர்வலத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் தாங்களே செய்த டிராகன்களோடு வருவார்கள்.

வாவெல் குன்றைப் பற்றிப் பேசும்போது இந்தியர்களுக்கு ஆச்சரியமான ஒன்றையும் சொல்ல வேண்டும். அரண்மனை முற்றத்தின் ஒரு மூலையில் சிலர் சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்மூடி நிற்பார்கள். அங்கே பூமிக்கடியில் உடலுக்கு ஆற்றல் தரும் ஒரு சக்கரக் கல் இருக்கிறதாம். சிவபெருமான் உலகின் ஏழு இடங்களில் வீசிய ஏழு கற்களில் ஒன்றாம் அது. டெல்லி, மெக்கா, ஜெருசலேம், ரோம் எல்லாம் மற்ற இடங்களாம். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பிரம்மஞான சபை போன்ற இயக்கங்கள் ஐரோப்பாவில் பரவிய காலத்தில், இந்த நம்பிக்கையும் பரவியது. நம் சிவபுராணக் கதைகளில் இப்படி ஏழு கற்கள் வந்து நான் படித்ததில்லை. அரண்மனை நிர்வாகமும் இதை ஊக்குவிப்பதில்லை. ஆனாலும் சுவரில் சாய்கிறவர்கள் சாய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். காரணக் கதை உருவாவதற்கு ஆயிரம் வருடம் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

சட்டைக் கையில் சுமந்த மண்

விஸ்துலாவின் தென்கரையில், போட்கூஜே பகுதியில், கூம்பு வடிவில் ஒரு மண்மேடு இருக்கிறது. உயரம் 16 மீட்டர். கிராக் அரசன் இறந்தபோது மக்கள் துக்கத்தில் தங்கள் சட்டைக் கைகளில் மண்ணை அள்ளி வந்து கொட்டி எழுப்பிய சமாதி இது என்பது கதை. போலிஷ் மொழியில் சட்டைக்கைக்கு 'ரென்காஃப்'. அதனால் ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாயன்று அங்கே நடக்கும் விழாவுக்கு 'ரென்காஃப்கா' என்று பெயர் வந்தது என்பார்கள்.

1930களில் அந்த மேட்டை அகழ்ந்து பார்த்தார்கள். அரசனின் எலும்பு கிடைக்கவில்லை. நடுவில் ஒரு மரத்தூண், அதைச் சுற்றி வேலி பின்னி, வேலிகளுக்கிடையில் மண்ணை நிரப்பித் திட்டமிட்டுக் கட்டியிருந்தார்கள். கீழ்ப்பகுதியில் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இடுப்பு வாரின் நுனியில் பொருத்தும் வெண்கலப் பூண் ஒன்று கிடைத்தது. மேட்டின் உச்சியில் ஒரு பெரிய ஓக் மரத்தின் வேர்கள் இருந்தன. கிறிஸ்தவம் வருவதற்கு முன் ஸ்லாவிய மக்களுக்கு ஓக் புனித மரம். ஆகவே இந்த இடம் பழைய வழிபாட்டோடு தொடர்புடையது என்று பலர் கருதுகிறார்கள்.

விழாவின் பெயருக்கும் வேறு விளக்கம் உண்டு. செக் மொழியில் 'ராகெவ்' என்றால் சவப்பெட்டி. செர்பிய மொழியில் 'ராகா' என்றால் கல்லறை. 'ரென்காஃப்கா' அந்தக் குடும்பத்துச் சொல்லாக இருக்கலாம். பழைய பொருள் மறந்தபின், காதுக்குப் பழக்கமான சட்டைக்கையை வைத்து மக்கள் கதை கட்டியிருக்கிறார்கள். விழாவில் நடந்ததைப் பார்த்தால் இந்த விளக்கத்துக்குத்தான் பலம் கூடுகிறது. வசதியானவர்கள் மேட்டின் மேலே நின்று முட்டை, ரொட்டி, இனிப்பு, நாணயங்களைக் கீழே உருட்டிவிடுவார்கள். அடிவாரத்தில் ஏழைகளும் மாணவர்களும் சிறுவர்களும் பொறுக்கிக்கொள்வார்கள். வசந்தம் பிறக்கும்போது இறந்த முன்னோருக்குப் படையல் வைக்கும் ஸ்லாவிய வழக்கத்தின் மிச்சம் இது. முட்டை, புது உயிரின் அடையாளம். கிறிஸ்தவம் வந்தபின் அந்த நாள் ஈஸ்டரோடு ஒட்டிக்கொண்டது. இன்று ரென்காஃப்கா அன்று மேட்டைச் சுற்றிப் பழைய ஸ்லாவிய உடையில் வீரர்கள் போர் விளையாட்டுக் காட்டுகிறார்கள், தீ மூட்டுகிறார்கள், குழந்தைகள் முட்டை உருட்டுகிறார்கள்.

கதையிலிருந்து நிஜம் பிறந்த ஒரு தருணமும் இந்த ஊரில் உண்டு. போலந்தை அண்டை நாடுகள் பங்குபோட்டுக்கொண்டிருந்த காலம். விடுதலைப் போராட்டத் தலைவர் ததேயுஷ் கோஷ்சியுஷ்கோ 1817ல் இறந்தார். அவருக்கு என்ன நினைவுச்சின்னம் வைப்பது? கிராக்கோவ் மக்கள் யோசிக்கவே இல்லை. 1820லிருந்து 1823 வரை கூடைகளிலும் தள்ளுவண்டிகளிலும் மண் சுமந்து 34 மீட்டர் உயரத்துக்கு ஒரு மேடு எழுப்பினார்கள். அவர் போரிட்ட களங்களின் மண்ணையும் கொண்டுவந்து கலந்தார்கள். கிராக்குக்காகச் சட்டைக்கையில் மண் சுமந்தது கதையாக இருக்கலாம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நிஜமாகவே சுமந்தார்கள். கிராக்கோவைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஈஸ்டர் தேதி எப்படி நகர்கிறது?

இந்த விழாக்களின் தேதி வருடத்துக்கு வருடம் மாறுவது புதிதாகப் படிப்பவர்களைக் குழப்பும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். ஆகவே அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எங்கும் விழலாம். நிலவை வைத்துத் தேதி பார்ப்பது நமக்குப் பழக்கமானதுதான்.

ஈஸ்டர் ஞாயிறுக்கு முந்தைய நாள் குடும்பங்கள் கூடையில் முட்டை, ரொட்டி, உப்பு, இறைச்சி வைத்துத் தேவாலயத்துக்கு எடுத்துப்போய் மந்திரித்து வருகிறார்கள். திங்கட்கிழமை போலந்து முழுக்க ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும் நாள். கிராக்கோவில் அன்று ஸ்வியேஜினியெட்ஸ் பகுதியிலுள்ள கன்னியர் மடத்தருகே 'எமாவுஸ்' சந்தை கூடும். உயிர்த்தெழுந்த இயேசு எமாவு என்ற ஊருக்குப் போகும் வழியில் இரண்டு சீடர்களுக்குத் தோன்றினார் என்ற விவிலியக் கதையிலிருந்து அந்தப் பெயர். இஞ்சி ரொட்டி இதயங்கள், மர பொம்மைகள், ஊதல்கள் என்று பிள்ளைகளுக்கான சந்தை அது. மறுநாள் ரென்காஃப்கா.

ஈஸ்டரிலிருந்து 60 நாள் கழித்து வரும் வியாழன், இயேசுவின் திருவுடல் பெருவிழா. அதற்கு அடுத்த வியாழன் லைகோனிக் நாள்.

குதிரைமேல் ஒரு தாத்தார்

நம் பொய்க்கால் குதிரை ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு லைகோனிக்கை விளக்குவது எளிது. தாடி வைத்த ஒரு மனிதர், கூம்புத் தொப்பியும் பட்டு அங்கியுமாக, இடுப்பில் ஒரு வெள்ளைக் குதிரை உடலைக் கட்டிக்கொண்டு ஆடிவருகிறார். கையில் ஒரு கதாயுதம். அவரைச் சுற்றி மேளதாளம், கொடி, உடன் ஆடுபவர்கள். கன்னியர் மடத்திலிருந்து புறப்பட்டுக் கடைத்தெருக்கள் வழியாக மாலையில் சந்தைச் சதுக்கத்தை அடைவார். வழியில் கடைக்காரர்களிடம் கப்பம் வசூலிப்பார். கதாயுதத்தால் யார் தோளில் தட்டுகிறாரோ அவருக்கு அடுத்த ஒரு வருடம் நல்ல காலம். அதனால் அடி வாங்கக் கூட்டம் முண்டியடிக்கும். சதுக்கத்தில் மேயரே கப்பம் கொடுத்து, ஊரின் நலத்துக்காக அவரோடு சேர்ந்து மது அருந்துவார்.

கதை இது: 1287ல் தாத்தார்கள் மறுபடி வந்து, இரவில் ஊருக்கு வெளியே முகாமிட்டிருந்தார்கள். விஸ்துலாவில் மரக்கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி ஓட்டும் ஸ்வியேஜினியெட்ஸ் தொழிலாளிகள் முகாமுக்குள் புகுந்து அவர்கள் தலைவனைக் கொன்றார்கள். காலையில் தலைவனின் உடையை மாட்டிக்கொண்டு அவன் குதிரையில் ஏறி ஊருக்குள் வெற்றி உலா வந்தார்கள். 1287ல் தாத்தார்களால் கிராக்கோவைப் பிடிக்க முடியவில்லை என்பது வரலாறு. மற்றதற்கு ஆவணம் இல்லை. லைகோனிக் பற்றிய எழுத்துச் சான்றுகள் 18ஆம் நூற்றாண்டில்தான் தொடங்குகின்றன. குதிரை வேடமிட்டு வசந்தத்தில் ஆடுவது ஐரோப்பாவின் பல மூலைகளில் இருக்கிற மிகப் பழைய செழிப்புச் சடங்கு. அந்த ஆட்டத்துக்குக் கிராக்கோவ் தன் வரலாற்றிலிருந்து ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டது.

1904ல் ஓவியரும் நாடகாசிரியருமான ஸ்தனிஸ்வாவ் விஸ்பியான்ஸ்கி லைகோனிக்குக்குப் புது உடை வடிவமைத்தார். இன்றும் அதே வடிவம்தான். அசல் உடை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, நகல் தெருவில் ஆடுகிறது. எடை சுமார் 40 கிலோ. ஜூன் வெயிலில் மணிக்கணக்கில் அதைச் சுமந்து ஆடுவது லேசான காரியமில்லை. நான் இதில் கவனிப்பது வேறொன்று: ஊரையே எரித்த எதிரியின் உடைதான் இன்று அதிர்ஷ்டம் தரும் உடை. பயம் தீர்ந்து சிரிப்பாக மாற எவ்வளவு காலம் பிடித்திருக்கும்!

அதே ஜூனில், 23ஆம் தேதியையொட்டி, வாவெல் குன்றின் அடியில் 'வியான்கி' விழா. வியான்கி என்றால் மலர் வளையங்கள். கோடையின் மிகக் குறுகிய இரவில் பெண்கள் வளையம் பின்னி, மெழுகுவர்த்தி ஏற்றி, ஆற்றில் விடுவார்கள். எந்த இளைஞன் கையில் வளையம் அகப்படுகிறதோ அவனோடு திருமணம் என்று ஒரு நம்பிக்கை. இதுவும் கிறிஸ்தவத்துக்கு முந்தையது. பின்னாளில் புனித யோவான் திருநாளோடு சேர்ந்தது. கிராக்கோவில் இதற்கு வாண்டா என்ற பெண்ணின் கதையும் சேர்ந்துகொண்டது. கிராக் அரசனின் மகள் அவள். ஜெர்மானிய இளவரசன் ஒருவன் அவளை மணக்கக் கேட்டான், மறுத்தால் போர் என்றான். நாடு அழியக் கூடாதென்று அவள் விஸ்துலாவில் குதித்து உயிர்விட்டாள். காத்வூபெக்கின் பழைய நூலில் வாண்டா சாகவே இல்லை என்பது கவனிக்க வேண்டியது. அவள் படை நடத்தி நிற்கும் அழகையும் உறுதியையும் பார்த்து எதிரிப் படை சண்டையிட மறுக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்பவன் அந்த இளவரசன்தான். அவளைப் பலியாக்கியவை பின்னால் வந்த நூல்கள். எனக்கு முதல் வாண்டாவைத்தான் பிடிக்கிறது. அவள் பெயரிலும் ஊருக்குக் கிழக்கே ஒரு மண்மேடு உண்டு.

இன்னும் சில, சுருக்கமாக

அந்த ஒத்துப்போகாத இரட்டைக் கோபுரங்களுக்கு: அண்ணனும் தம்பியும் ஆளுக்கொன்று கட்டினார்கள், தம்பி கட்டியது தன்னுடையதைவிட உயர்ந்துவிடுமோ என்ற பொறாமையில் அண்ணன் அவனைக் கத்தியால் குத்தினான், அந்தக் கத்திதான் சதுக்கத்து ஜவுளிச் சந்தையின் நடைவழியில் தொங்குகிறது என்பார்கள். கத்தி இன்றும் தொங்குகிறது. திருடர்களுக்கு இங்கே என்ன தண்டனை என்று எச்சரிக்கத் தொங்கவிட்டது என்பதே நம்பத்தக்க விளக்கம்.

சதுக்கத்துப் புறாக்களுக்கு: ஹென்றிக் ப்ரோபுஸ் என்ற கோமகன் அரசனாக ஆசைப்பட்டான். பணம் இல்லை. ஒரு சூனியக்காரி அவன் வீரர்களைப் புறாக்களாக்கினாள். அவை தேவாலயச் சுவரைக் கொத்த, உதிர்ந்த கற்கள் பொற்காசுகளாயின. போப்பாண்டவரின் ஒப்புதல் வாங்கப் பணத்தோடு ரோமுக்குப் புறப்பட்டவன் வழியிலேயே விருந்தில் கரைத்துவிட்டான். வீரர்கள் இன்னும் புறாக்களாகவே காத்திருக்கிறார்கள்.

அருகிலுள்ள வியெலிச்கா உப்புச் சுரங்கத்துக்கு: 1239ல் போலந்துக்கு மணமகளாக வந்த ஹங்கேரிய இளவரசி கிங்கா, தன் நாட்டு உப்புச் சுரங்கம் ஒன்றில் மோதிரத்தைப் போட்டுவிட்டு வந்தாள். இங்கே தோண்டச் சொன்ன இடத்தில் கிடைத்த முதல் உப்புக் கட்டிக்குள் அதே மோதிரம் இருந்தது.

ட்வார்டோவ்ஸ்கியை மட்டும் அவ்வளவு வேகமாகக் கடக்க முடியாது. 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் மந்திரவாதி. சாத்தானிடம் ஆன்மாவை விற்றார், ஆனால் ரோமில் வைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போட்டார். ரோமுக்கே போகாமல் இருந்துவிட்டால் போதுமே! ஒரு நாள் ஏதோ ஒரு சத்திரத்துக்குப் போனார். அந்தச் சத்திரத்தின் பெயர் 'ரோம்'. சாத்தான் அவரைத் தூக்கிக்கொண்டு பறந்தது. வழியில் அவர் சிறுவயதில் கற்ற மரியாள் பாடலைப் பாட, சாத்தான் நழுவவிட்டுவிட்டது. நிலவில் விழுந்தார், இன்னும் அங்கேதான் இருக்கிறார். கூட வந்த சீடன் சிலந்தியாக மாறியவன். நூல் விட்டு கிராக்கோவுக்கு இறங்கி, ஊர்ச் செய்தி கேட்டு, மறுபடி ஏறிப்போய் அவரிடம் சொல்வான். ஊரைப் பிரிந்தவனுக்கு ஊர்ச் செய்தி வேண்டும் என்று நினைத்த அந்தக் கதைசொல்லி யாரோ, நல்ல மனிதராக இருந்திருக்க வேண்டும்.

தகரத்தாளில் ஒரு நகரம்

கடைசியாக டிசம்பர். இதற்காகத்தான் இவ்வளவு கதைகளையும் சொன்னேன்.

கிறிஸ்துமஸ் குடில் எல்லோருக்கும் தெரியும்: தொழுவம், வைக்கோல், ஆடுமாடு. கிராக்கோவின் குடிலுக்கு 'ஷோப்கா' என்று பெயர். சொல்லுக்குக் கொட்டகை என்றுதான் பொருள், ஆனால் பார்த்தால் கொட்டகை மாதிரியே இருக்காது. பல அடுக்குக் கோபுரங்கள், குவிமாடங்கள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் என்று மின்னும் அரண்மனை. உற்றுப் பார்த்தால் கோபுரங்கள் மரியாள் தேவாலயத்துடையவை; தங்கக் குவிமாடம் வாவெல் பேராலயத்துச் சிகிஸ்முந்து சிற்றாலயத்துடையது; சுற்றுமதில் பழைய கோட்டைவாசலின் சாயல். இயேசு குழந்தை பெரும்பாலும் மேல்தளத்தில் இருக்கும். கீழே கிராக்கோவ் மக்கள், லைகோனிக், டிராகன், சேவல்மேல் ட்வார்டோவ்ஸ்கி.

இதற்கும் ஏன் என்று கேட்கலாம். இங்கே பதில் ஆவணத்திலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஸ்வியேஜினியெட்ஸ், க்ரோவோட்ஜா போன்ற புறநகர்களில் கொத்தனார்களும் ஓடு வேய்பவர்களும் வாழ்ந்தார்கள். பனிக்காலத்தில் கட்டட வேலை நின்றுவிடும், கூலி இருக்காது. அந்த மாதங்களில் அட்டை, மரச்சட்டம், வண்ணத் தகரத்தாள் கொண்டு ஷோப்கா செய்தார்கள். கோடையில் எந்தக் கோபுரத்தில் சாரம் கட்டி ஏறினார்களோ, பனிக்காலத்தில் அதையே கையடக்கமாகச் செய்தார்கள். பிறகு வீடு வீடாக எடுத்துப்போய் கிறிஸ்து பிறப்புப் பாடல்கள் பாடி, பெரிய ஷோப்காவாக இருந்தால் கீழ்த்தட்டில் பொம்மலாட்டமும் காட்டிக் காசு வாங்கினார்கள். மிஹாவ் எசெனெகியெர் என்ற கொத்தனார் செய்த ஷோப்கா இன்றும் அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

முதல் உலகப்போருக்குப் பின் வழக்கம் நலிந்தது. 1937ல் யெஜி டோப்ஜிட்ஸ்கி என்பவரின் முயற்சியால் போட்டி ஒன்று தொடங்கியது. இரண்டாம் உலகப்போரில் நின்று, 1945ல் மீண்டும் வந்தது. டிசம்பரின் முதல் வியாழன்தான் நாள். 2018ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த முதல் போலந்து மரபு இந்த ஷோப்காதான். தீப்பெட்டிக்குள் அடங்குவதும் வரும், ஆள் உயரத்தைத் தாண்டுவதும் வரும். பள்ளிச் சிறுவரும் வருவார்கள், தாத்தா காலத்திலிருந்து தலைமுறையாகச் செய்யும் குடும்பங்களும் வரும். சாக்லேட், மிட்டாய் சுற்றிய பளபளத் தாள்களை வருடம் முழுக்கச் சேர்த்துவைத்துச் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த வியாழன் காலையில் சந்தைச் சதுக்கத்தில், கவிஞர் ஆதாம் மிட்ஸ்கியேவிச்சின் சிலைப் படிகளில், ஷோப்காக்களைக் கொண்டுவந்து வரிசையாக வைப்பார்கள். குளிரில் கைகளைத் தேய்த்தபடி செய்தவர்கள் பக்கத்தில் நிற்பார்கள். 12 மணிக்கு மேலே ஜன்னல் திறக்கும். ஹெய்னாவ் நான்கு முறை ஒலித்து நான்கு முறையும் பாதியில் நிற்கும். பிறகு எல்லோரும் அவரவர் ஷோப்காவைத் தூக்கிக்கொண்டு சதுக்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்குவார்கள்.